இரண்டிலும் செவ்வரளி

முத்துலட்சுமிக்கு உன் அம்மா எழுதுவது.

அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து படி. மாப்பிள்ளை வீட்டில் இருந்தால், அவர் லோடு எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை இதற்கு மேல் படிக்காதே. நலம் விசாரிக்க எழுதவில்லை. நேற்று வெள்ளிக்கிழமைதான் கோயிலில் பார்த்துக்கொண்டோம். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் யார் என்பதும் தெரியும். பாலவனத்தத்தில் நம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே உன் மகள் காவ்யா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் பேனாவைக் கீழே வைத்தால் நிமிர்ந்து பார்க்கிறாள். அருப்புக்கோட்டையில் துணி எடுக்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்திருக்கிறாள். பொய் சொன்னாள் என்று அவளைத் திட்டாதே. இந்தக் குடும்பத்தில் சொன்ன பொய்களில் அது ரொம்பச் சின்னது.

பெரியதை இப்போது சொல்கிறேன். நீ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம், உன்னை மதுரைக்குப் படிக்க அனுப்பலாமா வேண்டாமா என்று குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? இது என்ன கேள்வி, உனக்கு வேறு எதுதான் நினைவிருக்கும்! ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் சாமி வேண்டாம் என்கிறது. அப்படித்தான் பேச்சு. நீ எடுத்ததில் சிவப்பு இருந்தது. எடுக்காமல் விட்டதிலும் சிவப்புதான் இருந்தது. இரண்டையும் கட்டியவள் நான். கை தவறிக் கட்டவில்லை. தெரிந்துதான் கட்டினேன்.

நமக்கு வசதி இல்லை, அதனால்தான் சாமியிடம் கேட்டோம் என்று உன் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறாயாம். இன்று காலையில்தான் கேள்விப்பட்டேன். பெற்றவளை விட்டுக்கொடுக்காமல் நீயாக ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறாய். அந்த வருடம் நமக்கு என்ன குறை? கரிசலில் பருத்தி நன்றாக வெடித்திருந்தது. வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் பருத்தி கிடந்தது. நான் அதில் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. கணக்குப் பாடத்துக்கு இடம் கொடுத்திருக்கிறோம், இந்தத் தேதிக்குள் வந்து சேரவேண்டும் என்று. நீ அதை மூன்று முறை உரக்கப் படித்தாய். மூன்றாவது முறை பருத்தி மேல் தொப்பென்று விழுந்து சிரித்தாய். உங்கப்பாவும் சிரித்தார். "ஏத்தா, கணக்கு வாத்தியாரம்மா ஆயிருவியோ? அப்ப எங்க தப்பையெல்லாம் கண்டுபிடிச்சிருவியே!" என்றார். நான் மட்டும் சருகு பொறுக்கினேன். எனக்கு வயிறு எரிந்தது. வேறு நாகரிகமான சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வயிற்றெரிச்சல்தான்.

நானும் எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலாவது வந்தவள். உனக்கு இது தெரியாது, நான் சொன்னதில்லை. பத்தாவது முடித்ததும் மேலே படிக்கவேண்டும் என்று எங்கள் அய்யாவிடம் கேட்டேன். அவர் கம்மங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "போதும்" என்றார். கஞ்சி போதும் என்கிறாரா, படிப்பு போதும் என்கிறாரா என்று தெரியாமல் கரண்டியோடு நின்றேன். அவர் தலை நிமிரவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு. அதை எப்படியோ விழுங்கிவிட்டேன். பெண்ணாகப் பிறந்தால் இப்படித்தான், எல்லாருக்கும் இதுதான் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் விழுங்கினேன். நீ பருத்தி மேல் விழுந்து சிரித்தபோது, எல்லாருக்கும் இல்லை, எனக்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. நீ மதுரைக்குப் போயிருந்தால் என் வாழ்க்கை முழுவதும் அநியாயம் என்று நான் ஒப்புக்கொள்ளவேண்டி வந்திருக்கும். பெத்த மனம் பித்து என்கிறார்கள். சொன்னவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

உங்கப்பாவிடம் வேறு காரணம் சொன்னேன். "வயசுப்புள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டு இங்க நமக்குச் சோறு எறங்குமா? ஊரு என்ன பேசும்?" என்றேன். "படிக்கிற புள்ளைய நாம ஏன் மறிக்கணும்? ஊரா அவளுக்கு மார்க்கு வாங்கிக் குடுத்துச்சு?" என்றார் அவர். நல்ல மனிதர். ஆனால் மூன்று நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் ஆட்டம் கண்டுவிடும் மனிதர். நாலாம் நாள், "சரி, ஒஞ்சொல்லும் வேணாம், எஞ்சொல்லும் வேணாம். சாமிகிட்டக் கேட்டுருவோம்" என்றார். நானும் தலையாட்டினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். நம் கோயில் பூசாரி பாவம், அவருக்குக் கை நடுக்கம். "நீயே கட்டிக் கொண்டாம்மா" என்று இலையையும் நாரையும் என் கையில் கொடுத்துவிட்டார். கொடுக்காத பூசாரி நான்தான்.

கோயிலுக்குப் பின்னால் கருவேல மர நிழலில் குத்தவைத்து இரண்டையும் கட்டினேன். வெள்ளரளியைக் கசக்கி முள்ளுக்குள் எறிந்தேன். கை நடுங்கவே இல்லை. திரும்பி வந்து சாமி முன்னால் வைத்தபோது, யாராவது சின்னப்பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வதுதான் வழக்கம், அப்படித்தான் நடக்கும் என்று நினைத்தேன். உங்கப்பா மறித்தார். "அவ படிப்பு, அவ வாழ்க்கை. அவளே எடுக்கட்டும். அதுதான் நாயம்" என்றார். அவருக்குத் தெரிந்த நியாயம் அது. நீ இடப்பக்கத்துப் பொட்டலத்துக்குக் கையைக் கொண்டுபோனாய். நிறுத்தினாய். கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துவிட்டு வலப்பக்கத்தை எடுத்தாய். அப்போதாவது, "இரு, கட்டினதில் தப்பு, மறுபடியும் கட்டுகிறேன்" என்று நான் சொல்லியிருக்கலாம். நான் உன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரித்துச் சிவப்பைப் பார்த்ததும் நீ அழவில்லை. உங்கப்பாதான் துண்டை வாயில் பொத்திக்கொண்டார். மற்றப் பொட்டலத்தை நான் சட்டென்று எடுத்துப் பொங்கல் அடுப்பில் போட்டேன். "அதைப் பிரிக்கக் கூடாது, சாமி குத்தமாயிரும்" என்றேன்.

"இடது கைப் பக்கம் இருந்ததை எடுத்திருக்கணும்மா. மொதல்ல அதுக்குத்தான் கை போச்சு. நாந்தான் மாத்துனேன்." பஸ்ஸில் வரும்போது நீ இதைச் சொன்னாய். அதற்குப் பிறகு எத்தனை முறை சொல்லியிருப்பாய்! களை எடுக்கும்போது, துணி துவைக்கும்போது, பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டும்போது. நான் ஒவ்வொரு முறையும், "விடுத்தா, ஒங்கையில என்ன இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன். உண்மையிலேயே உன் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் உனக்கு அது ஆறுதலாகக் கேட்டிருக்காது. அந்த நாளிலிருந்து உன் கை விளங்காத கை என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். விதைப்பு நாளில் முதல் கைப்பிடிக் கம்பு விதையை உன்னை வீசச் சொன்னால் பின்னால் போய் நின்றுகொள்வாய். கல்யாணத்தன்று குத்துவிளக்கு ஏற்றச் சொன்னபோது, உன் நாத்தனார் கையைப் பிடித்து அவளை ஏற்றவைத்தாய். வந்தவர்கள் எல்லாம், "அடேங்கப்பா, நாத்தனாருக்கு எம்புட்டு மரியாதை!" என்று மெச்சினார்கள். எனக்கு மட்டும் விஷயம் தெரியும். பந்தியில் இலை போட ஆள் போதவில்லை என்று நான் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நீ நினைக்கவேண்டும் என்பதற்காகவே இன்னும் இரண்டு சொல்கிறேன். ஒன்று, உனக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடம். கன்னம் வீங்கி, செருப்பில்லாமல், திருச்சுழியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாய். மாப்பிள்ளையிடம் ஏதோ எதிர்த்துப் பேசியிருக்கிறாய். "சாமியே படிக்க லாயக்கில்லன்னு தள்ளுன கழுதை, எனக்கு நாயம் சொல்ல வந்துட்டியா" என்று அடித்ததாகச் சொன்னாய். நான் என்ன சொன்னேன்? "சாமி காட்டுன வழி, பொறுத்துப் போ" என்றேன். சோறு போட்டு, என் செருப்பைக் கொடுத்து, மூன்று மணி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் அந்த ஆள் வாயில் அந்த வசவு நின்றிருக்கும். உன்னை அடிக்க அவனுக்குக் குச்சி எடுத்துக் கொடுத்தவள் நான். மாப்பிள்ளையை அவன் இவன் என்று எழுதிவிட்டேன். அதை அடித்துத் திருத்தமாட்டேன், இருக்கட்டும்.

இன்னொன்று தனம். நான் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தபோது, எட்டாவதோடு நிறுத்தித் தறிக்கு அனுப்பப் பார்த்தார்கள் என்று நான் போய்ச் சண்டை போட்டு மீட்டு வந்த பெண். அவள் அப்பனிடம் அன்றைக்கு, "பெத்த புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுறியே, நீயெல்லாம் மனுசனா?" என்று கேட்டவள் நான். கேட்டது எப்போது என்றால், உன்னைப் பூக்கட்டி நிறுத்திய மறு வருடம். ஊருக்கு உபதேசம்! போன தைக்கு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தோமே. நர்ஸு உடுப்போடு ஓடி வந்து அத்தனை பேர் நடுவில் என் காலில் விழுந்தாள். "அக்கா, ஒங்கம்மா மட்டும் அன்னைக்கு வரலேன்னா நான் இன்னைக்கும் தறியிலதான் கெடப்பேன். ஒங்களுக்கு என்னக்கா, இவுக வயித்துல பொறந்த பாக்கியசாலி" என்று உன்னிடம் சொன்னாள். நீ என்னைப் பெருமையாகப் பார்த்துச் சிரித்தாய். நான் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு, பூக்காரியிடம் பேரம் பேசப் போனேன்.

உங்கப்பாவும் அந்தப் பொய்யோடுதான் போய்ச் சேர்ந்தார். படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில், "அம்புட்டு நல்லாப் படிச்ச புள்ளைய நம்ம சாமி ஏன் வேணாம்னுச்சு? நான் என்ன பாவம் பண்ணுனேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் அவர் வாயைத் துடைத்துவிட்டேன். உன் விஷயத்தில் பாவம் செய்யாத ஒரே ஆள், தன் பாவம்தான் என்று நம்பிச் செத்தார்.

இப்போது நேற்றைக்கு வருவோம். காவ்யாவுக்குக் கோயம்புத்தூரில் இஞ்சினியரிங் இடம் கிடைத்தது என்று நீ போனில் சொன்னபோது சந்தோஷப்பட்டேன். அதோடு விட்டாயா? "இவுக அப்பா சாமி சொன்னாத்தான் அனுப்புவேங்கிறாரு. வெள்ளிக்கெழமை பூக்கட்டிப் பாத்திருவோம். நீதாம்மா கட்டணும்" என்றாய். உன்னை அறுத்த கத்தியை உன் மகளுக்கும் தீட்டச் சொல்லி என்னிடமே கொடுத்தாய். அது என்ன செய்யும் என்று உன்னைவிடத் தெரிந்தவர் யார்? அவர் சொன்னார் என்றால், நீ மறித்து ஒரு வார்த்தை பேசவேண்டாமா? உன்னைக் குத்திக்காட்டும் தகுதி எனக்கு இல்லைதான், ஆனாலும் கேட்கிறேன்.

இந்த முறை இரண்டிலும் வெள்ளை கட்டினேன். செய்த பாவம் அதோடு தீர்ந்துவிடும் என்று ஒரு அற்ப ஆசை. மாப்பிள்ளை உன்னை எடுக்கச் சொன்னார். நீ, "ஐயோ, எங்கை வேணாம்" என்று கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாய். நாற்பது வயதுப் பெண், சாமி முன்னால் கையை ஒளித்துக்கொண்டு நின்றாய். காவ்யாவே எடுத்தாள். வெள்ளை வந்தது. மாப்பிள்ளை கும்பிட்டார். நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். "பாத்தியாம்மா, சாமி இவளுக்குக் குடுத்திருச்சு. அப்ப படிப்பு ஆகாதுன்னு இல்ல, நான்தான் ஆகாதவ. எங்கைதாம்மா வெளங்காத கை." இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய் பார், அதுதான். நான் செய்த நல்ல காரியம், உன் நெஞ்சில் மிச்சம் இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகத்தையும் கொன்றுவிட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தை மனசாட்சி உறுத்தி எழுதுகிறேன் என்று தயவுசெய்து நினைத்துக்கொள்ளாதே. அப்படி ஒன்று எனக்கு இருந்திருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன். நான் மாட்டிக்கொண்டேன்.

நீ செய்யாததை உன் மகள் செய்தாள். மற்றப் பொட்டலத்தை யாரும் பார்க்காதபோது எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். இன்று காலையில் வந்தவள், வாடிப்போன அந்தப் பூவைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினாள்.

"ரெண்டுலயும் வெள்ளை, அம்மாச்சி."

"ஒனக்கு நல்லதுதானடி செஞ்சேன்."

"அது தெரியுது. நல்லது செய்யவே இப்பிடிக் கட்டுவீகன்னா, எங்கம்மாவுக்கு எப்பிடிக் கட்டுனீக?"

அது சாமி சொன்னது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பருப்பு கொதித்து வழிந்தது, எழுந்து இறக்கி வைத்தேன். திரும்பினால் அதே பார்வை. "எங்கம்மா புது அரிசி மூட்டை பிரிக்கக்கூட என்னையத்தான் கூப்பிடுது. நான் பள்ளிக்கூடம் கெளம்பும்போது ஒருநாளும் அது கையால திருநீறு பூசி விட்டதில்ல. சொல்லுங்க" என்றாள். சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்து, "எழுதிக் குடுங்க. நான் வாயால சொன்னா எங்கம்மா நம்பாது, சாமியப் பழிக்கிறேன்னு என்னையத்தான் சாத்தும். ஒங்க கையெழுத்துல வேணும்" என்றாள்.

கிறுக்குப்பிள்ளை என்று நினைத்து எடுத்துச் சொன்னேன். "ஏடி, ஒங்கப்பா சாமி சொன்னதுக்காகத்தான் ஒத்துக்கிட்டாரு. இது தெரிஞ்சா நேத்து வந்த வெள்ளையும் பொய்யின்னு ஆயிரும். ஒன்னைய அனுப்ப மாட்டாரு. திங்கக்கெழமை பஸ்ஸு ஏறிப் போயிரு, அப்பறம் நான் எழுதுறேன்" என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சாமி சொல்லித்தான் போறேன்னா, நாளைக்கு இன்னொரு பூவக் கட்டித் திரும்பி வான்னு சொல்லுவாக, வரணும்ல? நான் படிச்சேன், மார்க்கு வாங்குனேன், எடம் குடுத்தாக. அதைச் சொல்லிப் போறதுன்னாப் போறேன். எங்கம்மாவ ஆகாதவளா ஒக்கார வச்சுட்டுப் போற படிப்பு எனக்கு வேணாம்." பதினேழு வயது. எனக்கு அறுபத்தைந்து. எழுதி முடித்ததும் படித்துப் பார்க்கிறாயா என்று கேட்டேன். "எங்கம்மாவுக்கு எழுதுனது. எங்கம்மாதான் மொதல்ல படிக்கணும்" என்றுவிட்டாள்.

ஆக, இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு அவள் எதிரே நிற்பாள். அவளுடைய படிப்பு இதோடு போனாலும் போகும், தெரிந்துதான் கொண்டு வருகிறாள். மன்னிப்புக் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்தமாட்டேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். கொடுக்காதே. பொங்கலுக்கு வரவேண்டாம், போன் பண்ணவேண்டாம். என்னை எதற்கும் கூப்பிடவேண்டாம். மாப்பிள்ளையிடம் நான் வந்து சொல்லவேண்டும் என்றால் மட்டும் ஆள் அனுப்பு. முதல் பஸ்ஸில் வந்து அவர் முன்னால் நின்று, நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டு, அவர் பேசுகிற பேச்சையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன்.

காவ்யாவை அனுப்பு என்று உன்னிடம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. பூவும் இல்லை, பூசாரியும் இல்லை, நீதான் முடிவு சொல்லவேண்டும். ஒருவேளை, இதைப் படித்து முடித்ததும் உனக்கும் வயிறு எரியலாம். எனக்கு இல்லாதது இவளுக்கு மட்டும் எதற்கு என்று ஒரு நொடி தோன்றலாம். தோன்றினால் அது உன் குற்றமில்லை, நான் கொடுத்த சீதனம். அப்படி அவளை நிறுத்துவதாக இருந்தால், ஒரே ஒரு காரியம் செய். அவளை எதிரே உட்கார வை. அவள் கண்ணைப் பார். "நான் போகல, அதனால நீயும் போகக்கூடாது" என்று உன் வாயால் சொல். அதை உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் நான் உன்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

உன்னைப் பெற்றவள்